குதிரைகளுக்கு மூச்சுக் கொடுத்தவர்

கப்பல்காரர் யாருக்கும் பின்னால் வந்து நின்று நான் பார்த்ததில்லை. குழாயடியில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தால், அவர் ஒரு சுற்றுச் சுற்றி, என் கண்ணில் படும்படி இடப்பக்கமாக வந்து, தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேசுவார். மாரியம்மனைக்கூட ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுதான் கும்பிடுவார் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அவருடைய பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. குதிரை ஏற்றி வந்த கப்பலில் இந்த ஊருக்கு வந்து இறங்கியவர் என்பதால் கப்பல்காரர். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், எருமைக் கொட்டகைகளைத் தாண்டி, அத்தாப்பு ஓலைக் கூரை வேய்ந்த நீண்ட வீட்டு வரிசை ஒன்றில் குடியிருந்தோம். ஒரு கோடியில் வண்டிக் குதிரைகளுக்கான லாயம். மறு கோடி அறை அவருடையது. என் வீட்டுக்காரர் வாடகைக் குதிரை வண்டி ஓட்டினார். வண்டியும் குதிரையும் சொந்தம். சுமத்ராவிலிருந்து வரும் மட்டக்குதிரை அது. சிட்டு என்று பெயர் வைத்திருந்தார்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, புதிதாக வருகிறவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கும் தீவில் அடைபட்டுக் கிடந்துவிட்டு நான் இந்த வரிசைக்கு வந்து சேர்ந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் விடிந்ததும் வண்டி பூட்டிக்கொண்டு போய்விடுவார். நான் அறை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பேசிப் பார்த்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

ஒருநாள் காலையில் கப்பல்காரர் வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு தன்பாட்டில் பேசினார். கப்பலில் குதிரைகளை நெருக்கமான மரக் கூண்டுகளில் நிறுத்தித்தான் கொண்டுவருவார்கள் என்றார். துறைமுகம் வந்து சேரும்வரை அவற்றுக்குப் படுக்க இடமில்லையாம்.

“குதிரைக்கு வாந்தி எடுக்க வராதும்மா. நமக்கு வயித்தைப் பெரட்டுனா வெளிய தள்ளிடுறோம். அதுக்கு அந்த வழி கிடையாது. கடல் எவ்வளவு ஆட்டுனாலும் உள்ளேயே வச்சுக்கிட்டு நிக்கும். வேர்த்து ஊத்தும். அப்ப பக்கத்துல ஒரு ஆளு நிக்கணும். ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா நிக்கணும்.”

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் நான் வாசல்வரை வந்து உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்கு ராத்திரி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். புதிதாக வந்த குதிரையை எப்படிப் பழக்குவது என்று அவர் வண்டிக்காரர் ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது வெகுநாள் கழித்து என் காதில் விழுந்தது. நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், தானாக வந்து முகர்ந்து பார்க்கும் என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்னையும் அப்படித்தானே அண்ணே பழக்குனீங்க?”

“நீ குதிரையைவிடச் சீக்கிரம் பழகிட்ட தங்கச்சி” என்றார்.

இந்த ஊரில் ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டால், “அது இறங்குச்சு. நானும் இறங்கிட்டேன்” என்பார். அது என்றது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பெண் குதிரை. வழியில் நோய்ப்பட்ட அதை அவர்தான் பார்த்துக்கொண்டாராம். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வயிற்றில் பட்டை கட்டி அதைத் தூக்கி இறக்கியபோது கால்கள் காற்றில் உதைத்துக்கொண்டனவாம். கீழே நின்றவர்கள் விலகி ஓடினார்கள். இவர் கப்பலைவிட்டு இறங்கி அதன் பக்கத்தில் போய் நின்றார். அப்புறம் கப்பலுக்குத் திரும்பவே இல்லை. அதை வாங்கிய துரை வீட்டில் குதிரைக்காரராகச் சேர்ந்தார். துரை அதைப் பந்தயத்துக்கு விற்றதும் பந்தய லாயத்துக்குப் போனார். அது செத்ததும் அங்கிருந்தும் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பார்க்காத வேலை இல்லை. செங்கல் சூளை வண்டி ஓட்டினார். தீயணைப்பு வண்டிக் குதிரைகளுக்குச் சேணம் பூட்டினார். மணி அடித்ததும் அவை தாமே வந்து வண்டிக்கு முன்னால் நிற்குமாம். பிணம் ஏற்றும் வண்டியும் ஓட்டியிருக்கிறார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும்தான். அந்தக் குதிரை முன்பு சோடா வண்டி இழுத்ததாம். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சவ ஊர்வலம் போகும்போது பழைய வாடிக்கைக் கடை ஒவ்வொன்றின் வாசலிலும் நின்றுவிடுமாம். பின்னால் நாதசுரம், மேளம், மாலையோடு உறவுக்காரர்கள். எல்லாரும் கடைக்கு முன்னால் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். “அடிக்கவா முடியும்? அது அதோட வேலையைச் சரியாத்தான் பார்த்துச்சு” என்பார்.

சொந்தமாக ஒரு குதிரை வைத்துக்கொள்ளலாமே என்றேன் ஒருமுறை.

“வச்சுக்கிட்டா மத்ததைப் பார்க்க மனசு வராது தங்கச்சி.”

அவரிடம் ஒரு வித்தை உண்டு. குதிரை மிரண்டு நின்றால் இடப்பக்கமாக மெல்லப் போவார். கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, தன் முகத்தை அதன் மூக்குக்கு நேராகக் கொண்டுபோய், மூக்குத் துவாரத்தில் நிதானமாக மூச்சை விடுவார். குதிரை முதலில் காதைப் பின்னுக்குத் தள்ளும். பிறகு அதுவும் அவர் முகத்தில் மூச்சு விடும். கொஞ்ச நேரம் இரண்டும் அப்படியே நிற்கும். அதன் பிறகு குழந்தைபோல அவர் பின்னால் வரும். மூச்சுக் கொடுப்பது என்று எங்கள் வரிசையில் அதற்குப் பெயர். எந்த வண்டிக்காரருக்குக் குதிரை முரண்டு பிடித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு மழைநாள் அதை மாற்றிவிட்டது. நான் தேக்கா சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சுங்கை ரோட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஐஸ் வண்டிக் குதிரை ஒன்று வழுக்கி விழுந்திருந்தது. முன்னங்கால் முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது. எழப் பார்க்கும், மறுபடி விழும். அது போட்ட சத்தம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நின்றார். கூட இரண்டு மாத்தா மாத்தா போலீஸ்காரர்கள். குதிரை தலையை அடித்துக்கொண்டே இருந்ததால் அவரால் குறிபார்க்க முடியவில்லை. ஒரு குண்டு தாடையில் பட்டு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

கப்பல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இடப்பக்கமாகப் போய்ச் சகதியில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ரத்தம் வழியும் அந்த முகத்தைக் கையில் ஏந்தி மூச்சுக் கொடுத்தார். சத்தம் அடங்கியது. அதன் தலை அவர் மடியில் தானாக இறங்கியது. உள்ளங்கையால் அதன் கண்ணை மூடிக்கொண்டு இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தார். துப்பாக்கி வெடித்தபோது அவர் உடம்பும் சேர்ந்து குலுங்கியது. கூட்டம் கலைந்த பிறகும் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தார். நான் குடையைக் கொண்டுபோய்ப் பிடித்தேன். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

அதன் பிறகு ஊரில் எங்கே ஒரு குதிரையைச் சுட வேண்டியிருந்தாலும் எங்கள் வரிசைக்கு ஆள் வர ஆரம்பித்தது. போலீஸ் லாயத்திலிருந்து வருவார்கள். பந்தய மைதானத்திலிருந்து வருவார்கள். முதலில் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. போகப்போக அவரைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. பந்தய நாளில் வேலிப் பக்கம் அவரைப் பார்த்துவிட்டால் பணம் கட்டியவர்கள் காறித் துப்பினார்கள். எங்கள் லாயத்திலும், அவர் வரும் நேரம் பார்த்து வண்டிக்காரர்கள் குதிரைகளின் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கட்டினார்கள். எமன் வீட்டுக் குதிரைக்காரர் என்று யாரோ சொன்னார்கள். அது அவர் காதுக்கும் போயிருக்கும்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் சிட்டுக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார். கப்பல்காரர் குளித்துவிட்டு அந்த வழியாக வந்தவர், வழக்கம்போல அதன் நெற்றியைத் தடவக் கையை நீட்டினார். சிட்டுவும் முகத்தை நீட்டியது. என் வீட்டுக்காரர் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார்.

“தொடாதீங்கண்ணே.”

நீட்டிய கையை அவர் மெல்ல எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். “சரி தம்பி” என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எங்கள் பக்கமாக வராமல், வரிசைக்குப் பின்னால் இருந்த சாக்கடையை ஒட்டிச் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. வெற்றிலை கொடுக்கும் சாக்கில் அவர் வாசலுக்குப் போனேன்.

“ஏண்ணே இந்த வேலைக்குப் போறீங்க? வேற ஆளைப் பாருங்கன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

வெற்றிலையை வாங்கி மடித்து மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“நான் போகலைன்னாலும் அது சாகத்தான் போகுது. நாலு பேரு கயித்தைப் போட்டு இழுப்பாங்க. பயந்துகிட்டே சாகும். நான் போனா பயமில்லாமச் சாகும். அவ்வளவுதான் வித்தியாசம்.” மடித்த வெற்றிலையை மறுபடி பிரித்தார். “ஆனா அது என்னை நம்புது தங்கச்சி. இந்த ஆளு வந்துட்டான், இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு நம்புது. அதைத்தான் தாங்க முடியல.”

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் லாயத்துக்கு நோய் வந்தது. முதலில் ஒரு குதிரைக்கு மூக்கில் மஞ்சளாகச் சீழ் வடிந்தது. சளி என்று நினைத்துச் சாம்பிராணிப் புகை காட்டினார்கள். அப்புறம் கழுத்திலும் காலிலும் கட்டிகள் எழும்பி உடைந்தன. குதிரை டாக்டர் துரையும் தமிழ்க் குமாஸ்தா ஒருவரும் வந்தார்கள். துரை நல்ல மனிதர். ஒவ்வொரு குதிரையாக வெகுநேரம் பார்த்தார். பார்த்து முடித்து, ஒன்றைக்கூட விட்டுவைக்க முடியாது என்றார். இந்த நோய்க்கு மருந்து கிடையாது, ஊரெல்லாம் பரவும், மனுஷருக்கும் ஒட்டும் என்று குமாஸ்தா எங்களுக்குச் சொன்னார். சிட்டுவின் மூக்கிலும் இரண்டு நாளாக ஈரம் கசிந்துகொண்டிருந்தது. கழுத்தில் ஒரு கட்டியும் எழும்பியிருந்தது.

மறுநாள் காலையில் வாயில் துணி கட்டிய ஆட்கள் வந்தார்கள். வரிசைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். முதலில் சிட்டுவைத்தான் அவிழ்க்கப் போனார்கள். முகத்தில் துணியோடு வந்தவர்களைப் பார்த்து அது மிரண்டது. கதவை உதைத்து உடைத்தது. கயிறு இறுகிக் கழுத்துக் கட்டி உடைந்து ரத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் போய்ப் பிடித்தார். அவர் பதறிப் பிடித்ததில் அது இன்னும் மிரண்டது.

அவர் வெளியே வந்து மறுகோடியைப் பார்த்தார். கப்பல்காரர் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடாமல் வரமாட்டார். என் வீட்டுக்காரர் வரிசை நீளமும் நடந்து போனார். எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

“அண்ணே” என்றார்.

கப்பல்காரர் அவர் தோளைத் தொட்டுவிட்டு முன்னால் நடந்தார். லாயத்து வாசலில் குமாஸ்தா ஒரு துணியைக் கொடுத்தார். வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். சிட்டு அவரையும் கிட்டே விடவில்லை. கழுத்தில் கை வைத்தாலும் உதறியது. அவர் துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

துரை வேகமாக ஏதோ சொன்னார்.

“ஐயா, துணியைக் கட்டுங்க. மூச்சுலயே ஒட்டிக்கும், உயிருக்கு ஆபத்துன்னு சொல்றாரு” என்றார் குமாஸ்தா.

“தெரியும்னு சொல்லுங்க” என்றார் கப்பல்காரர். “துணிக்குள்ளேருந்து மூச்சு எப்படிங்க போகும்?”

சிட்டுவின் காது பின்னால் போனது. பிறகு முன்னால் வந்தது. அது அவர் முகத்தில் பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன். கயிறு தளரத் தளர அவர் பின்னாலேயே பொட்டலுக்கு நடந்து போனது. என் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு எங்கள் வாசலில் குந்தியிருந்தார்.

அது முடிந்து கப்பல்காரர் திரும்பி வந்தபோது மற்ற வண்டிக்காரர்கள் லாயத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். குதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கட்டியவர்கள்தான். யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு தடுப்பாகப் போனார். துரை இன்னொரு முறை துணியைப் பற்றிச் சொன்னார். அப்புறம் சொல்லவில்லை. கடைசிக் குதிரைக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. குழாயடியில் வெகுநேரம் முகத்தைக் கழுவினார். நான் சுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தார். பிறகு காய்ச்சல் வந்தது. மூக்கு வீங்கியது. கையில் கட்டிகள் எழும்பியதும் அவரே ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்விட்டார். ஒட்டும் நோய்க்காரர்களுக்கான தனிக் கொட்டகையில் வைத்தார்கள். சுற்றிக் கம்பி வேலி. உள்ளே யாரையும் விடமாட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசலாம். ஜன்னலோரம் அவருடைய கட்டில்.

என் வீட்டுக்காரர் தினமும் போனார். முதல்நாள் போய்விட்டு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

“வேற குதிரை வாங்கிட்டியா தம்பின்னு கேட்டாரு. வாங்கிட்டேன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“இல்லைன்னு சொல்ல வாய் வரல. என்ன நெறம்னு கேட்டாரு. செம்பட்டைன்னு சொல்லிட்டேன்.”

அன்றைக்கு இருவரும் சோற்றைப் பிசைந்தபடி அந்தக் குதிரையைப் பற்றி யோசித்தோம். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கட்டும் என்றேன் நான். வயது குறைவு, இன்னும் வண்டிக்குப் பழகவில்லை என்று அவர் முடிவு செய்தார். “தண்ணி குடிக்க மாட்டேங்குதுன்னு சொல்லுங்க. ஏதாச்சும் யோசனை சொல்லுவாரு” என்றேன். மறுநாள் வந்து, தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து வைக்கச் சொன்னதாகச் சொன்னார். அதற்கு அடுத்த நாள் குதிரை தண்ணீர் குடித்தது. பிறகு இடப்பக்கமாகவே இழுக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். கடிவாளத்தைக் கழற்றி வாயைப் பார்க்கச் சொன்னார். பல் ஏதாவது குத்துகிறதோ என்னவோ என்றாராம். காலி லாயத்தைப் பார்த்துக்கொண்டு, நாளைக்கு அது என்ன செய்யப்போகிறது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்போம்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெகுநேரம் கேட்ட பிறகுதான் சொன்னார்.

“வெளிய வந்தா அதைத் தொட விடுவியா தம்பின்னு கேட்டாருடி.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உங்ககிட்ட பழகுறதுக்குத்தாண்ணே வண்டியில பூட்டாம வச்சிருக்கேன்னு சொன்னேன்.”

அதன் பிறகு கப்பல்காரரால் பேச முடியவில்லை. நோய் தொண்டைக்கும் ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் வேலிக்கு இப்பால் நின்று குதிரையைப் பற்றிச் சொல்வார். ஜன்னலில் கை மட்டும் அசையும்.

ஒரு காலையில் போனபோது கட்டில் காலியாக இருந்தது. முதல்நாள் இரவே முடிந்துவிட்டதாம். ஒட்டும் நோய் என்பதால் விடியும் முன்பே கொண்டுபோய்ச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு இவர் போனார். பல பேரை ஒன்றாகப் புதைத்த இடம் அது. எது அவருடையது என்று காவல்காரனாலும் காட்ட முடியவில்லை. என் வீட்டுக்காரர் பிறகு வண்டியை விற்றுவிட்டு டிராம் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். குதிரை வாங்கும் பேச்சை இருவருமே எடுத்ததில்லை.

கட்டில் காலியாக இருந்த அன்றைக்கு, அவர் ஆஸ்பத்திரி வேலியைவிட்டு நகர்ந்தபோது, நோயாளிக் கொட்டகையில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் பின்னாலேயே ஓடி வந்தாராம். வயசான மனிதர். கப்பல்காரருக்குக் கடைசிவரை தண்ணீர் ஊற்றியவர்.

“நீங்கதானே அந்தச் செம்பட்டைக் குதிரை வச்சிருக்கிறவரு? பேச முடிஞ்ச வரைக்கும் உள்ள இருக்கிற எங்க எல்லார்கிட்டயும் அதைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. வெல்லத் தண்ணி வச்சதும் குடிச்சுதாமே? எனக்கே அதைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு. ஒரு தரம் வந்து பார்க்கலாமா?”

என் வீட்டுக்காரர் அந்த ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாராம்.

“அதுவும் நேத்து ராத்திரியே போயிடுச்சுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.